சிவப்பும் கருப்பும்: இரும்பு காற்றோடு வைத்த கணக்கு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி, தேவன்குறிச்சி கல்லுப்பட்டி என்பதன் சுருக்கம். 1970களின் நடுவில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தபோது கருப்பு சிவப்பு மட்கலத்தின் ஓடுகள் கிடைத்தன. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கூடை கூடையாகக் கிடைக்கும் அதே வகை ஓடுகள். இவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் கருப்பு, வாய்விளிம்பும் அதை ஒட்டிய கழுத்தும் கருப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. கருப்பு முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் கோடு போட்டாற்போன்ற எல்லை இருக்காது. ஒன்று மற்றொன்றுக்குள் கலங்கி மறையும். உடைந்த முகத்தைப் பார்த்தால் ஒரே தடிப்புக்குள், ஒரு நெல்மணியின் அகலத்தில், இரண்டு நிறமும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டு மண்ணைச் சேர்த்துச் செய்ததல்ல. இரண்டு சாயம் தீட்டியதும் அல்ல. ஒரே களிமண், அதிலுள்ள ஒரே இரும்பு. இரும்பு ஒன்றாக இருக்க நிறம் ஏன் இரண்டாயிற்று என்று கேட்டால், சூளைக்குள் அந்தந்தப் பகுதியைத் தொட்ட வாயு வேறு வேறு என்பதே விடை. இந்த அத்தியாயம் நிறுவ விரும்புவதும் அதைத்தான். ஓர் உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது தனியாக முடிவு செய்வதில்லை. எந்த வாயுவோடு, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் இருந்தது என்பதே முடிவு செய்கிறது. அந்த நிலையைக் குறிக்க வேதியியல் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துபோகிற அந்த எண், உலகத்தைப் பற்றி உண்மையான செய்தி சொல்கிற எண்.

அதன் பெயர் ஆக்சிஜனேற்ற எண். ஒரு தனிமம் வேறெதனோடும் சேராமல் தானாக இருக்கும்போது அதன் ஆக்சிஜனேற்ற எண் பூஜ்யம். கடப்பாரையில் உள்ள இரும்புக்கும் பூஜ்யம், காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் பூஜ்யம். ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகக் கைகோத்துத் திரிந்தாலும் இரண்டும் ஒரே தனிமம் என்பதால், பகிர்ந்துகொண்ட எலக்ட்ரான்களில் எதற்கும் கூடுதல் உரிமை கிடையாது. வேறு வேறு தனிமங்கள் சேரும்போதுதான் கணக்கு தொடங்குகிறது. எலக்ட்ரானை வலுவாக இழுக்கும் தனிமத்தின் பேரில் அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் முழுவதையும் எழுதுகிறோம். கொடுத்தவருக்குக் கூட்டல் குறி, வாங்கியவருக்குக் கழித்தல் குறி. ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடில் இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் இரண்டு வாங்கும் என்பதால் மொத்தம் ஆறு. இரும்பு ஒவ்வொன்றும் மூன்று கொடுத்திருக்க வேண்டும். ஆகவே அங்கே இரும்பு +3, ஆக்சிஜன் −2. சாதாரண சூட்டில் வாயுவாக இருக்கும் தனிமங்கள் 11 தான்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், ஹீலியம் முதல் ரேடான் வரையிலான ஆறு மந்த வாயுக்கள். உலோகங்களோ எண்பதுக்கு மேல். உலோகங்கள் பொதுவாகக் கொடுக்கும் கூட்டம். வாயுக்களில் ஆக்சிஜன், குளோரின், ஃபுளூரின் மூன்றும் அடங்காத ஆசையோடு வாங்குபவை. ஹைட்ரஜன் எதிரில் இருப்பவரைப் பார்த்து நடந்துகொள்ளும்: ஆக்சிஜனோடு சேர்ந்தால் +1, கால்சியத்தோடு சேர்ந்தால் −1. நைட்ரஜனின் கதை நீளமானது. அதற்குப் பிறகு வருவோம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. உண்மையில் எந்த எலக்ட்ரானும் முழுசாக ஒரு பக்கம் போய்விடுவதில்லை. ஹேமடைட்டில் உள்ள இரும்பின் மின்னேற்றத்தைக் கணித்துப் பார்த்தால் மூன்று வருவதில்லை, அதற்கு வெகுவாகக் குறைந்தே வருகிறது. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசுக்கு +7 என்று எழுதுகிறோம். ஏழு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த மாங்கனீசு அணு எந்தக் கரைசலிலும் மிதப்பதில்லை. பிறகு எதற்கு இந்தக் கற்பனை எண் என்பது நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கல்லுப்பட்டியோடு பின்னிய ஒரு பெயரை இங்கே அழைக்கலாம். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை வாழ்ந்தது இவ்வூர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில். பொருளியலாளர் என்று அறியப்படும் முன் அவர் லண்டனில் கணக்குத் துறை பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். ஒரு தணிக்கையாளரிடம் பேரேட்டில் எழுதிய ரூபாய் பெட்டியில் கிடக்கும் நாணயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் வரவும் செலவும் நேராகாவிட்டால் எங்கோ பணம் காணாமல் போயிருக்கிறது என்பதையும் அவரே சொல்வார். ஆக்சிஜனேற்ற எண்ணும் அப்படி ஒரு பேரேடு. ஓர் அணுவின் மேல் இந்த நொடியில் எவ்வளவு மின்னேற்றம் உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஒரு வினை முடியும்போது எத்தனை எலக்ட்ரான் கை மாறும் என்று சொல்கிறது. 2016இல் வேதியியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியம் இந்த எண்ணுக்குத் திருத்திய வரையறை வெளியிட்டபோதும், பிணைப்பை முழு அயனியாகப் பாவித்தால் வரும் மின்னேற்றம் என்றே வைத்தது. பாவித்தல் என்பதை ஒளிக்கவில்லை.

பாவித்து எழுதிய எண் சரிதானா என்று சோதிக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வேதியியல் படித்த எவரும் அந்தச் சோதனையைச் செய்திருப்பார்கள். கூம்புக் குடுவையில் ஃபெரஸ் சல்பேட் கரைசல், அதோடு நீர்த்த கந்தக அமிலம். மேலே பியூரெட்டில் கரும் ஊதா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். திருகைத் திறந்தால் ஊதாத் துளி விழுந்த இடத்தில் ஒரு கணம் சுருண்டு, குடுவையை ஆட்டியதும் காணாமல் போகும். துளி மேல் துளியாக விட விடப் போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒரே ஒரு துளியில் குடுவை முழுவதும் வெளிர் இளஞ்சிவப்பு படர்ந்து அப்படியே நிற்கும். அங்கே நிறுத்தி அளவைப் பார்க்க வேண்டும். கணக்கிட்டால் ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு செலவாகியிருக்கும். நாலரையோ ஆறோ வராது. மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும். இரும்பு ஒவ்வொன்றும் +2இலிருந்து +3க்கு ஏறும்போது ஒன்று தரும். பேரேட்டில் எழுதிய எண்ணும் பியூரெட்டில் படித்த எண்ணும் பொருந்துகின்றன. எழுதியது கற்பனை என்றால் இந்தப் பொருத்தத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்; கற்பனை என்பவர்களால் அதைச் சொல்ல முடிந்ததில்லை.

வாயுக்கள் பக்கமிருந்தும் ஒரு சான்று உண்டு. அழகில் இதற்கு ஈடு சொல்வது கடினம். மந்த வாயுக்கள் எதனோடும் சேராதவை, அவற்றின் எண் என்றைக்கும் பூஜ்யம்தான் என்று பல பத்தாண்டுகள் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1962இல் கனடாவின் வான்கூவரில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கண்டார். எல்லாரிடமிருந்தும் வாங்கும் ஆக்சிஜன் அங்கே கொடுத்து நின்றது. அந்த ஹெக்சாஃபுளூரைடில் பிளாட்டினம் +6. அந்த உச்ச நிலையில் அதற்கு எலக்ட்ரான் பசி அவ்வளவு. பார்ட்லெட் அட்டவணையைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க சுமார் 12.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். செனானுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் செனானும் பணிய வேண்டும் என்று துணிந்து இரண்டு வாயுக்களையும் கலந்தார். ஆரஞ்சு மஞ்சளில் ஒரு திடப்பொருள் உடனே படிந்தது. இன்று செனானுக்கு +2, +4, +6, +8 வரை சேர்மங்கள் தெரியும். ஹீலியமும் நியானும் ஆர்கானும் மட்டும் சாதாரண நிலைமைகளில் பிடிவாதமாகப் பூஜ்யத்திலேயே இருக்கின்றன. எலக்ட்ரான் கணக்கை வைத்து நடந்ததை விளக்கியதோடு நில்லாமல், அதுவரை நடக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இப்போது சூளைக்கு வருவோம். ஆற்றுப்படுகையிலும் கண்மாயிலும் எடுக்கும் களிமண்ணில் சிறிதளவு இரும்பு எப்போதும் உண்டு. பெரும்பாலும் நீர் சேர்ந்த ஆக்சைடாக, மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். சூடு ஏற ஏற நீர் விலகும். காற்று தாராளமாகப் பாய்ந்தால் இரும்பு ஹேமடைட்டாகிச் சிவக்கும். வைக்கோலும் விறகும் எரிந்து, மேலே மண்ணைப் பூசி வாய்களை அடைத்துக் காற்றை நிறுத்தினால் நிலைமை தலைகீழ். எரிபொருளுக்கே ஆக்சிஜன் போதாது. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இரண்டும் ஆக்சிஜனைத் தேடி அலையும் வாயுக்கள்; எதிரே இருக்கும் இரும்பு ஆக்சைடிலிருந்து அதைப் பிடுங்கும். கார்பன் +2இலிருந்து +4க்கு ஏற, இரும்பு +3இலிருந்து +2ஐ நோக்கி இறங்கும். சிவப்பு ஹேமடைட் கருப்பு மேக்னடைட்டாகும். கருப்பு சிவப்பு மட்கலத்தைச் செய்தவர்கள் பானையைக் கவிழ்த்து, வாயையும் உட்புறத்தையும் இலைதழை, பதர், சாம்பலுக்குள் புதைத்து, அடிப்பகுதியைக் காற்றுக்குக் காட்டிச் சுட்டார்கள் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். இரண்டு முறை சுட்டிருக்கலாம் என்போரும் உண்டு. எந்த முறையானாலும் அடிப்படை ஒன்றே: ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்ந்தது, மறு பகுதிக்குச் சேரவிடவில்லை. சூடு தணியும் முன் சூளையைத் திறந்துவிட்டால் கருத்த பகுதியும் சிவக்கத் தொடங்கும். எப்போது திறப்பது என்பதில் இருக்கிறது குயவரின் கல்வி. அவர்களுக்கு எலக்ட்ரான் என்ற பெயர் தெரியாது; அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருந்தது. அந்தத் திறனை அறிவு என்றே நான் மதிக்கிறேன்.

கருப்புக்குக் காரணம் இரும்பா, கரியா என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம், குறுக்கிட வேண்டும். புகையிலிருந்து படியும் நுண்கரி மண்ணின் துளைகளில் இறங்கிப் பானையைக் கருக்கும். கீழடி ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆய்விதழில் வெளியிட்டது. ஆகவே அந்த மினுமினுக்கும் கருப்பில் கரிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். ஆனால் இது நம் வாதத்தைக் கெடுக்கவில்லை. இன்னும் நெருக்கமாக இழுத்துக் கட்டுகிறது. கரி என்பது பூஜ்ய நிலையில் உள்ள கார்பன். செந்தணலாய்க் காயும் சூளைக்குள் எரியாத கரி மிஞ்சுகிறது என்றால் அந்த இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். செந்தணல் சூட்டில் கரியும் ஹேமடைட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பு முழுவதும் +3இல் நிலைத்திருக்க முடியாது. கார்பனின் பூஜ்யமும் இரும்பின் இறக்கமும் ஒரே பற்றாக்குறையின் இரு பதிவுகள். நிறத்தை நம்பாமல் நேராகவே இரும்பைக் கேட்கவும் வழி இருக்கிறது. 1958இல் இயற்பியலாளர் ருடால்ஃப் மாஸ்பாவர் கண்ட விளைவைக் கொண்டு, திடப்பொருளில் உள்ள இரும்பு +2ஆ +3ஆ, எந்த விகிதத்தில் என்று காமா கதிரால் அளக்க முடியும். உலகெங்கும் பழம்பானைகள் சுட்ட சூழலை இதைக் கொண்டு கண்டறிந்து வருகிறார்கள். செவ்வாய்க்குப் போன ஊர்திகளும் இதே கருவியைச் சுமந்து சென்று அங்குள்ள சிவப்பு மண்ணைப் படித்தன.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் கல்லுப்பட்டியைச் சுற்றிய நிலமே சாட்சி. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் விரிந்து கிடக்கிறது. பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் மண். சூளையில் கருப்பு என்றால் +2 பக்கம் என்று கற்ற ஒருவர், கரிசலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டால் தவறு. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து, கை நுழையும் அளவு வெடித்துக் காற்றை உள்ளே இழுக்கும் மண் அது. அதிலுள்ள இரும்பு பெரும்பாலும் +3தான். கருப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை களிமத்தோடு இறுகப் பிணைந்த மக்குப்பொருளும் சில கருங்கனிமத் துகள்களும். மேக்னடைட்டும் இப்படி ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்பதால் இரும்பு ஒவ்வொன்றுக்கும் எட்டில் மூன்றில் ஒரு பங்கு வீதம் வகுத்தால் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு வருகிறது. எலக்ட்ரானை உடைத்துக் கொடுக்க முடியாதே என்று கேட்பவர்களுக்கு, அது சராசரி என்பதே பதில்: இரண்டு இரும்பு +3, ஒன்று +2. கொல்லுப் பட்டறைத் தரையில் காந்தத்தை வைத்தால் ஓடிவந்து ஒட்டும் கருஞ்செதில்களில் இந்த மேக்னடைட் உண்டு. கோயில் சுவரில் சுண்ணாம்புப் பட்டைக்கு இடையே பூசும் காவியில் இருப்பதோ ஹேமடைட். காந்தம் அதைச் சட்டை செய்யாது. வெயிலிலும் மழையிலும் காவி நிறம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், ஆக்சிஜனுக்குக் கொடுக்க அந்த இரும்பிடம் இனி எதுவும் இல்லை என்பதே.

சூளையின் வாயுவை இன்னும் கடுமையாக்கினால் இரும்பை +2இல் நிறுத்தாமல் பூஜ்யத்துக்கே இறக்கலாம். அதுதான் இரும்புருக்கு உலை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அக்கால உலைகளில் நடந்ததும் கார்பன் மோனாக்சைடின் வேலைதான். துருத்தி ஊதக் கரி எரிந்து, அதன் வாயு தாதுவுக்குள் புகுந்து ஆக்சிஜனை அள்ளிக்கொண்டு வெளியேறும். உலையிலிருந்து ஒழுகி உறைந்த சிட்டத்தில், +2இல் நின்று மணலோடு ஒட்டிக்கொண்ட இரும்பு நிறைய இருக்கும். பாதி வழியில் மாட்டிக்கொண்ட இரும்பு அது. பூஜ்யத்துக்கு இறங்கிய பங்கு மட்டுமே கொல்லனுக்குக் கிடைத்தது. இங்கே ஓர் உண்மை பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. உலையைக் கட்டிய அதே களிமண்ணில் இரும்பைவிட அலுமினியம் அதிகம். எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஊதியும் அதிலிருந்து ஒரு துளி அலுமினியம் வரவில்லை. +3இல் உள்ள அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் பிடியை அந்த உலைச் சூட்டில் எந்த வாயுவாலும் தளர்த்த முடியாது. 1886இல் மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்த பிறகே அது மலிவான உலோகமாயிற்று. மேட்டூரில் ஆலை எழுந்தது 1960களில். வாயுதான் முடிவு செய்கிறது என்றால் இங்கே ஏன் தோற்றது என்று கேட்கலாம். வாயு முடிவு செய்வது உலோகம் அனுமதிக்கும் எல்லைக்குள்தான். அந்த எல்லை தங்கத்துக்கு ஒரு கோடியில், அலுமினியத்துக்கு மறு கோடியில், இரும்பு நடுவில். சாதாரண விறகும் காற்றும் கொண்டே இருபுறமும் நகர்த்த முடிந்த உலோகம் என்பதால்தான் ஒரு காலமே அதன் பெயரால் அழைக்கப்படுகிறது.

நெருப்பில்லாமலும் இந்த நகர்வு நடக்கும். 1895இல் பெரியாறு அணை முடிந்து நீர் வைகைப் பக்கம் திரும்பியதிலிருந்து மதுரைச் சமவெளியில் பரந்து நடக்கும் நெல் சாகுபடியே அதற்குக் களம். வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனைச் சில நாளுக்குள் தீர்த்துவிட்டு, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறு ஆள் தேடும். முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, அடுத்து +3 இரும்பு, அதன்பின் சல்பேட், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு மீத்தேனாகிக் குமிழியிடும். எளிதில் வாங்குபவர் முன்னால், அரிதாக வாங்குபவர் பின்னால் என்ற இந்த வரிசை எந்த நாட்டு வயலிலும் பெரும்பாலும் மாறுவதில்லை. நாற்றைப் பிடுங்கிச் சேற்றை அலசிப் பார்த்தால் வேரில் துருநிறப் படலம் தெரியும். நெல் தன் தண்டின் காற்றறைகள் வழியே ஆக்சிஜனை வேருக்கு இறக்குகிறது. அது கசிந்து வெளியே வரும் இடத்தில், சேற்றில் கரைந்திருந்த +2 இரும்பு +3ஆகிப் படிகிறது. சேறு முழுவதும் ஒரு நிலை, வேரைச் சுற்றி மயிரிழை அகலத்தில் வேறொரு நிலை. சூளைக்குள் கவிழ்த்த பானையில் நடந்ததைத் தண்ணீருக்கடியில், முப்பது டிகிரிச் சூட்டில், ஒரு பயிர் செய்துகொண்டிருக்கிறது.

நைட்ரஜன் இங்கேதான் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. காற்றில் 78 சதவீதம் அது; அங்கே அதன் எண் பூஜ்யம், பயிருக்கு எட்டாத நிலை. யூரியாவிலும் அம்மோனியாவிலும் −3, நைட்ரேட்டில் +5. இடையில் உள்ள ஒவ்வொரு படிக்கும் ஒரு சேர்மம் உண்டு. இந்த ஏணியில் அதை ஏற்றி இறக்குவதில் பெரும்பங்கு உலோகத்துக்கு. உளுந்து, தட்டைப்பயறு வேர் முடிச்சுகளில் காற்று நைட்ரஜனைப் பூஜ்யத்திலிருந்து −3க்கு இறக்கும் நொதியின் மையத்தில் இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. எலக்ட்ரானை ஒவ்வொன்றாகக் கடத்துபவை அவை. ஆலையில் உரம் செய்யும்போதும் வினையூக்கி இரும்புதான். ஏணியில் தவறான படியில் நின்றால் நஷ்டம் விவசாயிக்கு. உரம் நைட்ரேட்டாக மாறிய பிறகு வயலில் நீர் கட்டினால், மேலே சொன்ன வரிசைப்படி அதுவே முதல் பலி. மறுபடி நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். ஒரு பகுதி +1 நிலையில் நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பும். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட இருநூற்றெழுபது மடங்கு வலியது. பறக்காமல் கீழே இறங்கினால் கிணற்று நீரில் சேரும்.

கிணற்று நைட்ரேட் கடைசியில் போய்த் தொடும் உலோகமும் இரும்புதான். நம் இரத்தத்தில் உள்ள இரும்பு. ஹீமோகுளோபினில் அது +2இல் இருந்தால் மட்டுமே ஆக்சிஜனைச் சுமக்கும். கைக்குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்தால், இரும்பு +3க்கு ஏறி வேலையை நிறுத்திவிடும். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்துவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். நாடித்துடிப்புக்கு நாடித்துடிப்பு ஆக்சிஜனைத் தொட்டுக்கொண்டே இருக்கும் இரும்பு, மற்ற இரும்பைப்போல் ஏன் துருவாகிவிடுவதில்லை? சுற்றியிருக்கும் புரதம் அதைத் தனிமைப்படுத்தி, ஆக்சிஜனைப் பிடிக்கவும் விடவும் மட்டுமே இடம் தருகிறது. ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் இரும்பின் எண் என்ன என்பதில்தான் வேதியியலாளர்கள் இன்னும் முழு உடன்பாட்டுக்கு வரவில்லை. 1936இல் லைனஸ் பாலிங்கும் கோரியலும் அந்நிலையில் இரத்தம் காந்தத்துக்கு இழுபடுவதில்லை என்று அளந்தார்கள். இரும்பு +2ஆகவே இருக்கிறது, ஆக்சிஜன் பூஜ்யம் என்பது பாலிங்கின் விளக்கம். 1964இல் வைஸ் என்ற வேதியியலாளர் மறுத்தார்: இரும்பு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து +3ஆகிவிடுகிறது, ஆக்சிஜன் மூலக்கூறு அதை வாங்கிக்கொள்கிறது, இருவரின் ஒற்றை எலக்ட்ரான்களும் எதிரெதிராக நின்று காந்தத்தன்மையை அணைக்கின்றன என்றார். இரண்டுக்கும் இடைப்பட்டதே உண்மை என்பவர்கள் இன்று அதிகம். பேரேட்டு முறையின் எல்லை இதுதான். எலக்ட்ரானை இருவரும் சரிசமமாக வைத்திருக்கும்போது யார் பேரில் எழுதுவது என்பது எழுதுபவரின் தெரிவாகிவிடும். ஆனால் எப்படி எழுதினாலும் மொத்தம் மாறாது. ஆக்சிஜன் விலகியதும் இரும்பு +2இல் நிற்கிறது என்பதில் ஐயமும் இல்லை. ஓரிடத்தில் எல்லை மங்கலாக இருப்பதைக் காட்டி நிலமே இல்லை என்று சொல்ல முடியாது.

இரத்தசோகை நம் ஊர்ப் பெண்களிடம் பரவலாக இருப்பதால், இந்த எண் வீட்டுக்குள் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு குறைந்த உடம்புக்கு மண் தின்னும் ஆசை வருவதுண்டு. கர்ப்பிணிகள் செம்மண்ணும் சாம்பலும் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்மண்ணில் இரும்பு உண்டு, ஆனால் கரையாத +3 நிலையில். குடல்சுவர் உள்ளே விடுவது +2 நிலையில் உள்ள இரும்பைத்தான். மண்ணிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. களிமண் மற்ற உணவிலுள்ள இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பும் பெரும்பாலும் +3தான். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து +2க்கு இறக்குகிறது. டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையும் +2 இரும்பு கொண்டவை. டீயோடு சேர்த்து அந்த மாத்திரையை விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளுங்கள்.